நான்கு அங்குல ரயரும் ஸ்காபரோக் குளிர்காலமும்

2023 செப்ரெம்பரில் நான் ஒரு தடித்த ரயர் மின்சைக்கிள் வாங்கினேன். கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோப் பகுதியில், மோர்ணிங்சைட் வீதியும் லோரன்ஸ் வீதியும் சந்திக்கும் பக்கத்தில் வீடு. மார்க்கம் வீதியும் பிஞ்ச் வீதியும் சந்திக்கும் பக்கத்தில் வேலை. இடையில் ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். வேலை அதிகாலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. பேருந்தில் போவதென்றால் ஓரிடத்தில் மாறவேண்டும். முதற் பேருந்து ஐந்து நிமிடம் பிந்தினால் இரண்டாவது போய்விடும். பிறகு அடுத்ததற்காக இருட்டிலும் காற்றிலும் நிற்கவேண்டும். அந்த நிற்பிலிருந்து தப்புவதற்காகவே இந்த வண்டியை வாங்கினேன். இரண்டு குளிர்காலமும் 4,700 கிலோமீற்றரும் கடந்துவிட்டதால், புதுவண்டி மயக்கம் முழுவதும் தெளிந்த நிலையில் இதை எழுதுகிறேன்.

வண்டியின் பெயரைச் சொல்வதால் வாசிப்பவருக்குப் பெரிய பயன் இல்லை. இந்த விலையில் கிடைக்கும் வண்டிகளிற் பல ஒரே அமைப்பிலான சட்டகத்தையும் ஒரே வகை மோட்டாரையும் கொண்டவை. ஒட்டியிருக்கும் பெயரும் நிறமுமே வேறு. என்னுடையது 26 அங்குலச் சில்லும் 4 அங்குல அகல ரயரும் கொண்டது. பின்சில்லின் நடுவில் 500 வாட் மோட்டார் இருக்கிறது. பற்றரி 48 வோல்ற், 14 அம்பியர்-மணி; பெருக்கிப் பார்த்தால் 672 வாட்-மணி. ஏழு கியர், கம்பியால் இழுபடும் டிஸ்க் பிறேக், முன்னால் ஒரு மலிவான அதிர்வுதாங்கி. பின்தாங்கியும் மட்காட்டும் பூட்டிய பின் நிறை 33 கிலோ. வாங்க விரும்புபவர்கள் மற்ற எல்லா எண்களையும் விட இந்தக் கடைசி எண்ணையே மனத்தில் வைத்திருக்கவேண்டும். விளம்பரத்தில் அது இருப்பதில்லை, அல்லது மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது.

வாங்கிய வாரத்தில், எங்கள் கட்டடத்தின் மின்தூக்கியில் ஒரு முதியவர் ரயரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சைக்கிளோ, மோட்டச்சைக்கிளோ?" என்று கேட்டார். "சைக்கிள்தான் ஐயா, பெடல் இருக்குது" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். ஆனால் ஒன்ராறியோ மாகாணச் சட்டமும் ஏறக்குறைய அதே விடையைத்தான் தருகிறது. இயங்கும் பெடல் இருக்கவேண்டும்; மோட்டார் 500 வாட்டைத் தாண்டக்கூடாது; மோட்டாரின் துணை மணிக்கு 32 கிலோமீற்றரில் நின்றுவிடவேண்டும்; பற்றரியுடன் சேர்த்து 120 கிலோவுக்கு மேற்படக்கூடாது. ஓட்டுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்கவேண்டும், தலைக்கவசம் கட்டாயம். சாரதி அனுமதிப்பத்திரமோ வாகனப் பதிவோ இலக்கத்தகடோ தேவையில்லை. அமெரிக்காவில் 750 வாட் வரை அனுமதி இருப்பதால் அங்குள்ளவர்களுக்காகச் செய்த வண்டிகள் இணையத்தில் மலிவாக அகப்படும். அவற்றை இங்கே ஓட்டினால் சட்டத்தின் பார்வையில் அது சைக்கிள் அல்ல என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

தடித்த ரயர் அலங்காரத்துக்காகப் பிறந்ததல்ல. அலாஸ்காவில் 1987இல் தொடங்கிய பனிப்பாதைச் சைக்கிள் பந்தயமான இடிட்டாபைக்கில், சாதாரண ரயர்கள் பனிக்குள் புதைந்ததைக் கண்டவர்கள் இரண்டு றிம்களைச் சேர்த்து ஒட்டி அகலமாக்கிப் பார்த்தார்கள். 2005இல் சேர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி வந்த பின்னரே அந்த அகலம் கடையில் வாங்கக்கூடிய பொருளாகியது. பனியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், இதன் தத்துவம் எனக்குப் புரிந்தது மணலில். வடமராட்சியில் மணற்காட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: தார் வீதி முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் லுமாலா சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளத்தான் வேண்டும், ஏறி மிதித்தால் முன்சில்லு ஒரு பக்கம் திரும்பி ஆளை விழுத்திவிடும். வூட்பைன் கடற்கரையை ஒட்டிய சைக்கிள் பாதையில் காற்று கொண்டுவந்து குவித்த மணலை இந்த வண்டியில் முதன்முறை கடந்தபோது, இறங்குவதற்காக என் கால் தானாகவே பெடலை விட்டு எழுந்துவிட்டது. வண்டியோ எதுவும் நடக்காததுபோலப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வண்டியில் மிக முக்கியமான கருவி மோட்டார் அல்ல, காற்றழுத்தமானி என்பது என் முடிவு. ரயரின் ஓரத்தில் 5 முதல் 30 பிஎஸ்ஐ வரை என்று அச்சிட்டிருக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு வண்டிகள் இருக்கின்றன. 25இல் தார் வீதியில் இலேசாக உருளும், ஆனால் குழியில் விழுந்தால் பந்துபோலத் துள்ளும். எண்ணெய் அதிர்வுதாங்கி துள்ளலை அடக்கிவிடுவதுபோல ரயர் அடக்குவதில்லை. 18இல் வீதியின் சிறு வெடிப்புகள் மறைந்துவிடுகின்றன. அலுமினியச் சட்டகத்தில் இவ்வளவு சுகம் இருக்குமென்று நான் நினைத்ததில்லை. 8இல் பனியில் படகுபோல மிதக்கும், ஆனால் அதே 8இல் தார் வீதிக்கு வந்தால் ஹாண்டில் தன் விருப்பத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும், திருப்பத்தில் ரயரின் ஓரம் மடங்குவது கைக்குத் தெரியும். அழுத்தம் பாதியாகக் குறைந்தால் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதுதான் இதன் முழு இரகசியம்.

இதில் ஒரு கணக்கை முதற் குளிர்காலத்தில் தவறவிட்டேன். 20 பாகை வெப்பமுள்ள வீட்டுக்குள் 20 பிஎஸ்ஐ அடித்து வெளியே கொண்டுபோனால், உறைநிலைக்குக் கீழே 10 பாகையில் அது சுமார் 16 ஆகச் சுருங்கிவிடும். காரின் ரயரில் இந்த வீழ்ச்சி ஓட்டத்தில் இவ்வளவு தெரியாது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஓடும் ரயருக்கோ அது வேறொரு வண்டியாக மாறும் அளவு. காற்றுப் போகிறதென்று நினைத்து இரண்டு வாரம் வால்வைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

இனிப் பனி. "பனியில் ஓடுமா?" என்று கேட்பவர்கள், பனி ஒரே பொருள் என்று நினைத்துக் கேட்கிறார்கள். இரவில் விழுந்து, யாரும் மிதிக்காமல், பத்துச் சென்ரிமீற்றருக்கு உட்பட்டுக் கிடக்கும் உலர்ந்த புதுப்பனியில் இந்த வண்டிக்கு நிகரில்லை. அதிகாலை நான்கே முக்காலுக்கு, மின்கம்பி வழித்தடத்தின் கீழே போகும் மெடோவே பாதையில், என் ரயரின் தடம் மட்டுமே பின்னால் நீண்டு கிடக்க ஓடிய நாட்கள்தாம் இந்த வண்டிக்குக் கொடுத்த பணத்தை எனக்கு நியாயப்படுத்தின. உப்புப் போட்டுக் கலங்கி, கறுத்த கஞ்சிபோல வீதியோரத்தில் கிடக்கும் பனியில் வண்டி போகும், ஆனால் ஆள் நனைந்துவிடுவார்; 4 அங்குல ரயர் அள்ளி எறியும் சேற்றுக்குக் கடையில் தந்த மட்காட் போதாது. பகலில் உருகி இரவில் இறுகிய பனிக்கட்டியில், என்ன அகலமிருந்தாலும் றப்பர் றப்பர்தான். அகலம் புதையாமல் காக்கும், வழுக்காமல் காக்காது. இந்த வேறுபாட்டை எந்த விளம்பரமும் சொல்வதில்லை, நான் அதை இடது முழங்கையால் கற்றுக்கொண்டேன்.

அந்த விழுகைக்குப் பனிக்கட்டி மட்டும் காரணமல்ல. இந்த விலையில் வரும் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது, பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் உணரும் கருவி. எவ்வளவு பலத்தோடு மிதிக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் மெல்லக் காலை அசைத்தாலும், கால் சுற்று கடந்ததும் மோட்டார் முழு உற்சாகத்தோடு உதைக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் ஒரு கணம் கழித்துத்தான் ஓயும். உலர்ந்த வீதியில் இது சிறு எரிச்சல். கட்டடத்தின் பின்வாசலில், கண்ணாடிபோல இறுகிக் கிடந்த நீர்ப்படலத்தின்மேல், பின்சில்லு நின்ற இடத்தில் சுழன்று வண்டி என் கீழிருந்து விலகிப் போனது. அன்றிலிருந்து பனிக்கட்டி தெரிந்தால் மோட்டாரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, முதலாம் கியரில் என் காலாலேயே கடக்கிறேன். மிதிக்கும் பலத்தை அளக்கும் கருவியுள்ள வண்டி ஐந்நூறு, அறுநூறு டொலர் கூடுதலாக இருந்தாலும், குளிர்காலத்தில் ஓட்டுபவர் அதையே வாங்கவேண்டும் என்பேன். நான் மிச்சம் பிடித்த பணத்தில் இதைவிட அதிகமாக வருந்துவது வேறெதுவுமில்லை.

பற்றரியைப் பொறுத்தவரை, பெட்டியில் 80 கிலோமீற்றர் என்று எழுதியிருந்தது. கோடையில் இரண்டாம், மூன்றாம் நிலைத் துணையுடன், நானும் மிதித்து, எனக்கு 48 கிடைக்கிறது. உறைநிலைக்குக் கீழே 12 பாகையில் அது 27 ஆகிறது. குளிரில் இலிதியம் கலங்களின் உட்தடை கூடுவதால், ஏற்றத்தில் வோல்ற் சட்டென்று சரிந்து, மூன்று கோடு காட்டிய திரை ஒரு கோட்டுக்கு இறங்கி, சமதரைக்கு வந்ததும் மறுபடி மூன்றுக்கு ஏறும். முதல்முறை பார்ப்பவர் பயந்துபோவார். பற்றரியைக் கழற்றி வேலைத்தளத்துக்குள் கொண்டுபோய் வைத்தால் திரும்பும் பயணத்தில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. ஆனால் உறைந்த பற்றரியை வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே மின்னேற்றக்கூடாது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் கலத்துக்குள் இலிதியம் உலோகமாகப் படியத் தொடங்கும். அது பற்றரியின் ஆயுளைக் குறைப்பதோடு ஆபத்தையும் வளர்க்கும். இரண்டு மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்த பிறகே நான் செருகுகிறேன்.

பற்றரி தீர்ந்தால் மிதித்துப் போகலாம் என்பது உண்மைதான், வீட்டுப் பொருட்களை முதுகில் சுமந்தும் போகலாம் என்பது எவ்வளவு உண்மையோ அவ்வளவு. 33 கிலோவையும் இரண்டு தடித்த ரயர்களையும் வெறும் காலால் நகர்த்தியபோது, மூன்று கிலோமீற்றரில் சட்டை நனைந்து, அந்த ஈரம் குளிரில் விறைத்துப் போனது. ஏற்றமென்றால் பிரிம்லி வீதியின் தென்முனையைச் சொல்லவேண்டும். ஸ்காபரோ மேட்டுப்பாறைகளின் உச்சியிலிருந்து புளபர்ஸ் பூங்காவுக்கு இறங்கும் அந்தச் சரிவில், திரும்பி ஏறும்போது மோட்டார் வேகம் குறைந்து முனகத் தொடங்கும். சில்லின் நடுவில் இருக்கும் மோட்டாருக்கு நம் கியர் உதவுவதில்லை. எவ்வளவு மெதுவாகச் சுழல்கிறதோ அவ்வளவு மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும். ஏறி முடித்துக் கையை வைத்துப் பார்த்தேன், இரண்டு விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. இறங்கும்போதோ பிறேக் மணக்கிறது. வண்டியும் ஆளும் பின்தாங்கியில் ஒரு மூட்டை அரிசியும் சேர்ந்து 120 கிலோ. சமதரையில் ஓட்டியுமே பிறேக் கட்டைகள் 900 கிலோமீற்றருக்குள் தேய்ந்துவிட்டன. இரண்டாம் ஆண்டில் எண்ணெய் பிறேக்குக்கு மாறினேன். கம்பிப் பிறேக்கோடு இந்த நிறையுள்ள வண்டியை விற்பது பொருத்தமில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இனிக் குறைகளில் மிகப் பெரியது. 2024 ஜனவரியில், வேலையால் திரும்பும் வழியில், பின்சில்லில் ஒரு திருகாணி ஏறியது. முன்சில்லென்றால் பத்து நிமிட வேலை. பின்சில்லில் மோட்டார் இருக்கிறது: அதன் மின்கம்பி இணைப்பைக் கழற்றி, அச்சு சுழலாமல் பிடிக்கும் தகட்டை எடுத்து, 18 மில்லிமீற்றர் ஸ்பேனரால் இரு பக்கத்து நட்டையும் தளர்த்தவேண்டும். இவ்வளவும் வண்டியைத் தலைகீழாகத் தூக்கி நிறுத்திய பிறகு. வழியில் அதைச் செய்ய வழியில்லை என்பதால் நான்கு கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு வந்தேன். மறுநாள் அழைத்த முதற் கடை, தாங்கள் விற்காத மின்சைக்கிளைத் தொடமாட்டோம் என்றது. இரண்டாவது கடையும் அதையே சொன்னது. விற்ற நிறுவனத்துக்கோ இந்த நகரத்தில் பட்டறை கிடையாது. மின்னஞ்சலில் ஒரு காணொளியின் இணைப்பு வந்தது. அவர்களைத் திட்டி முடித்த பிறகு, குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ரியூப்பை அதில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைத் தேடி, நானே ஒட்டுப் போட்டேன். ஊரில் சைக்கிள் கடை வாசலில் குந்தியிருந்து, அலுமினியச் சட்டித் தண்ணீரில் ரியூப்பை உருட்டி ஓட்டை தேடியவரைப் பார்த்திருந்த பழக்கம் அன்று கைகொடுத்தது. ஒட்டினால் காணாது, ஒட்டும் இடத்தை அரத்தாள் போட்டு உரஞ்சவேண்டும் என்பதுகூட அங்கே பார்த்துப் படித்ததுதான்.

அதற்குப் பிறகு 1,300 கிலோமீற்றரில் பின்சில்லுக் கம்பிகள் இரண்டு முறிந்தன. மோட்டாரின் இழுவையும் சுமையும் அந்தக் கம்பிகள்மேலேயே விழுவதால், புது வண்டியின் கம்பிகளை முதல் 200, 300 கிலோமீற்றருக்குள் ஒருமுறை இறுக்கிச் சீர்செய்திருக்கவேண்டும். கையேட்டில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. ஆகவே இந்த வகை வண்டியை வாங்குமுன், விலையைக் கேட்பதற்கு முதல், வீட்டுக்கு அருகிலுள்ள பட்டறை ஒன்று இதைத் திருத்துமா என்று கேளுங்கள். திருத்தும் என்று சொல்லும் கடையிலேயே இருநூறு டொலர் கூடக் கொடுத்து வாங்கினாலும் நட்டமில்லை.

உப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாநகரம் வீதியில் கொட்டும் உப்பு ஒரே குளிர்காலத்தில் செயினைத் துருவாக்கிவிட்டது, பிறேக் கம்பியை உறைக்குள் ஒட்டவைத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு மாலையும் ஈரத்துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விடுகிறேன்.

இருப்பிடமும் போக்குவரத்தும் வேறொரு சிக்கல். 2023ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் நின்ற சுரங்க ரயிலுக்குள் ஒரு மின்சைக்கிள் பற்றரி தீப்பற்றியது. அதைத் தொடர்ந்து ரொறன்ரோப் போக்குவரத்து ஆணையம், 2024இலிருந்து நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இலிதியம் பற்றரியுள்ள மின்சைக்கிள்களை ரயிலிலும் பேருந்திலும் ஏற்றத் தடைவிதித்தது. அதாவது, வண்டி பழுதாக வாய்ப்பு மிகுந்த மாதங்களில்தான் அதை ஏற்றிக்கொண்டு வர வேறு வாகனம் இல்லை. பற்றரிக்கு யூஎல் 2271, வண்டியின் முழு மின்னமைப்புக்கு யூஎல் 2849 என்ற தரச்சான்றுகள் இருக்கின்றன. என் வண்டியை வாங்கும்போது எனக்கு அவற்றைப் பார்க்கத் தெரியவில்லை. பற்றரியில் முதலாவது சான்று இருந்தது என் அதிர்ஷ்டம். சான்றில்லாத பற்றரியை, பிள்ளைகள் உறங்கும் அடுக்குமாடி வீட்டுக்குள் இரவில் மின்னேற்றுவதற்கு எந்த விலைத்தள்ளுபடியும் ஈடாகாது.

செலவைச் சொல்கிறேன். வண்டி 1,900 டொலர், 13 வீத விற்பனைவரியோடு 2,147. பூட்டு, விளக்கு, நல்ல மட்காட், பிறேக் மாற்றம், கம்பி வேலை, இரண்டு ரியூப், ஒரு பின்ரயர் எல்லாம் சேர்ந்து இன்னும் 780 டொலர் வரை போய்விட்டது. ஒருமுறை முழுதாக மின்னேற்ற இருபது சதத்தைத் தாண்டாது. பேருந்துக்கு ஒரு வழி 3.30 டொலர், பனிப்புயல் நாட்களையும் சோம்பல் நாட்களையும் கழித்துப் பார்த்தாலும் வண்டி தன் விலையின் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிட்டது. ஒரு பழைய காரின் காப்புறுதியோடு ஒப்பிட்டால் பேச்சே இல்லை. ஆனால் காரின் இடத்தை இது நிரப்புமென்று யாரும் எண்ணவேண்டாம். 2025 பெப்ரவரி நடுவில் அடுத்தடுத்து வந்த புயல்களின்போது, வழிக்கப்பட்ட பனி வீதியோரத்தில் இடுப்பளவுக்கு மதிலாக எழுந்து வலப்பக்க ஒழுங்கையை விழுங்கிவிட்டது. 401 நெடுஞ்சாலையின் நுழைவழிகளைக் கடக்கும் இடத்தில் லொறிகளோடு ஒரே ஒழுங்கையைப் பகிர்ந்துகொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. ரயரால் போகமுடியாமல் அல்ல, வீதியில் இடமில்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் பேருந்தில் போனேன்.

கோடையில் மட்டும், நல்ல தார் வீதியில் மட்டும் ஓட்டுபவருக்கு இந்த வண்டி தேவையில்லை. அவர் இரண்டு அங்குல ரயர் கொண்ட, 22, 23 கிலோ நிறையுள்ள மின்சைக்கிளை வாங்கினால் அதே பற்றரியில் கூடிய தூரம் போவார், மாடிப்படியில் தூக்கவும் முடியும், ரயர் தார் வீதியில் எழுப்பும் ஓயாத உறுமலும் இராது. மின்தூக்கியோ நிலமட்டக் களஞ்சிய அறையோ இல்லாத வீட்டில் இருப்பவரும் வாங்கவேண்டாம். என்னைப்போல ஆண்டில் நான்கு மாதம் வழிக்கப்படாத பாதையில் விடியுமுன் போகவேண்டியவருக்கும், வார இறுதியில் அரிசி மூட்டையும் மரக்கறியும் பின்தாங்கியில் ஏற்றி வருபவருக்கும், கையில் ஸ்பேனர் பிடிக்கத் தயங்காதவருக்கும் இது பயன்படும். பூங்காப் பாதைகளில் ஓட்டுபவர்கள் மணிக்கு 20 கிலோமீற்றர் வரம்பை மதித்து, மிதிக்காமலே மோட்டாரை ஓடவைக்கும் கைவிசையைத் தொடாமல் மிதித்து ஓட்டவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 33 கிலோவோடு பின்னால் வருபவரைக் கண்டு, நாயோடு நடப்பவர்கள் ஒதுங்கி நிற்பதை நான் விரும்புவதில்லை.

இந்த நவம்பரில் ஆணி பதித்த ரயர் ஒன்று வாங்குவதாக இருக்கிறேன். ஒன்றே இருநூறு டொலருக்கு மேல் என்பதால் முன்சில்லுக்கு மட்டும். பின்சில்லு வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம், முன்சில்லு வழுக்கினால் நேரம் கிடைக்காது. இடது முழங்கை இன்னும் மழைநாட்களில் நோகிறது.